இருபது இழை, ஒரு பனியன்

திருப்பூருக்குப் 'பின்னலாடை நகரம்' என்று பெயர். ஆனால் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "கையால பின்னத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தலை பின்னத் தெரிந்தவர்கள் கை தூக்குவார்கள். கூடை பின்னத் தெரிந்த ஒரு பாட்டி அகப்படுவார். ஸ்வெட்டர்? "அதெல்லாம் ஊட்டிப் பக்கம் போய்க் கேளுங்க சாமி" என்று பதில் வரும்.

நியாயம்தான். இங்கே பின்னுவது மெஷின். 1925-லிருந்து இந்த ஊரில் பனியன் கம்பெனி உண்டு. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடிக்கொண்டு வந்து சேர, ஏற்றுமதிக்கும் கதவு திறந்தது. அதற்கப்புறம் யார் கையால் பின்னுவார்கள்?

ஒரு கணக்கு சொல்கிறேன். (பி.காம். படித்தவனிடம் மாட்டிக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு வட்டப் பின்னல் மெஷின், 30 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி என்றால் சுற்றிலும் 2,260 ஊசி. 90 இடத்தில் நூல் உள்ளே போகிறது. நிமிஷத்துக்கு 25 சுற்று. பெருக்கிப் பார்த்தால் ஒரு நிமிஷத்துக்கு ஐம்பது லட்சம் கண்ணி!

என் அம்மா நிமிஷத்துக்கு இருபது கண்ணி போடுகிறார்.

அந்த இருபதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் பொங்கல் கழிந்து ஒரு பின்னல் போட்டி நடக்கப் போகிறது. பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. கலந்துகொள்பவர்கள் ஏழு பேர். அதில் ஆண் நான் ஒருவன். பத்திரிகைக்கு எழுதுகிறவன் வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று ஒருமனதாகத் தீர்மானித்து என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

மூல காரணம் கோத்தகிரி டீச்சர். ரிட்டயராகி மகன் வீட்டோடு வந்து எங்கள் தெருவில் இருக்கிறார். சித்திரை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிய முதல் திருப்பூர்வாசி அநேகமாக அவராகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் தெருவே ஒரு மாதிரி பார்த்தது. பிறகு ஒவ்வொருத்தராகப் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர், என் மனைவியும் ஒருவர்.

போட்டி என்ற யோசனை மட்டும் என் மனைவியுடையது. அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம். எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒருநாள் சொன்னாள்.

2006-ல் இத்தாலியில் டூரின் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. கனடாவில் ஸ்டெஃபனி பேர்ல்-மெக்ஃபீ என்ற எழுத்தாளர், பின்னல் பிரியர். அவர் ஒரு சவால் விட்டார். தொடக்க விழா நடக்கும்போது முதல் கண்ணி போட வேண்டும். ஒலிம்பிக் சுடர் அணைவதற்குள் எடுத்த உருப்படியை முடிக்க வேண்டும். ஆக, 17 நாள். யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. அவரவர் கை, அவரவர் கடிகாரம். ஆயிரக்கணக்கான பேர் ஊசியும் நூலுமாகக் கிளம்பிவிட்டார்கள்.

பின்னால் வேறொரு கூட்டம் இதே மாதிரி ஒன்றுக்கு 'ராவலிம்பிக்ஸ்' என்று பெயர் வைக்க, 2012-ல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கோபித்துக்கொண்டு சட்டக் கடிதம் அனுப்பியது. பெயர் தங்களுடையதாம், விளையாட்டு வீரர்களுக்கு மரியாதைக் குறைவாம். கையில் கூரான ஊசி வைத்திருக்கும் ஜனங்களோடு மோதலாமா சார்? கடைசியில் மன்னிப்புக் கேட்டது கமிட்டிதான். பெயரும் 'ராவலெனிக் கேம்ஸ்' என்று மாறியது.

"நாமளும் பதினேழு நாள் வெச்சுக்கலாம்" என்றாள் மனைவி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை முதல் கண்ணி. அதற்கு முன்னால் நூல் தயார் பண்ணலாம், மாதிரி பின்னிப் பார்க்கலாம், என்ன உருப்படி என்று முடிவு பண்ணலாம். உருப்படியில் மட்டும் கை வைக்கக்கூடாது.

"ஏழு பேரு பின்னி என்னத்தைக் கிழிக்கப் போறோம்?" என்று கேட்டேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னார். 2016 ஜனவரி 31-ம் தேதி சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு ஒரு போர்வையை விரித்துக் கின்னஸில் பெயர் வாங்கியது. ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷா வேலை. அளவு 11,148.5 சதுர மீட்டர். அடியில் மாற்றினால் 1,20,001 சதுர அடி. எங்கள் பக்கத்துக் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர்! பலர் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்த போர்வை அது.

"அத்தனை கை பின்னினதும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். முன்னாடியே நூலும் அளவும் சரியா வெச்சுக்கலைன்னா ஆகுமா தம்பி?" என்றார்.

இதைக் கேட்டதும் என் மனைவிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று இரவே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு 'டைம் அண்ட் ஆக்‌ஷன்' சார்ட் ஒட்டப்பட்டது. நூல் வந்து சேரும் தேதி, சாம்பிள் தேதி, சாம்பிள் அப்ரூவல் தேதி, தொடக்கம், முடிவு. கடைசிக் கட்டத்தில் 'ஷிப்மென்ட்' என்று எழுதியிருந்தது. "எங்கே அனுப்பப் போறே?" என்றால், "பழக்கம்" என்றாள்.

மற்ற ஐந்து பேருக்கும் டீச்சர் கோத்தகிரியிலிருந்து உல்லன் வரவழைத்துவிட்டார். (பெயர்தான் உல்லன். உள்ளே அநேகமாக அக்ரிலிக்.) அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நூலுக்குன்னே பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு மலையிலிருந்து நூல் வாங்கறதா? எனக்குக் காட்டன்தான் வேணும்."

"என்னம்மா பின்னப் போறே?"

"பனியன். பாப்பாவுக்கு."

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவர். ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று குறை கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னதாக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஒரு நாளைக்கு 500 பீஸ் என்று குறைத்தே வைத்தாலும், வருஷத்துக்கு 300 நாள், 22 வருஷம் என்றால் 33 லட்சம் பனியன். வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. இப்போது காலையில் எழுந்தால் விரல் மடங்க மறுக்கிறது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்த பிறகுதான் காபி டம்ளரைப் பிடிக்க முடிகிறது. கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் டீச்சர் திண்ணைக்கே போக ஆரம்பித்தார்.

அப்படிப்பட்டவருக்கு 17 நாளில் ஒரு பனியன். பயமாகத்தான் இருந்தது. அதனால் கணக்குப் போட்டேன். நாலு வயசுக் குழந்தைக்கு மார்புச் சுற்றளவு 24 அங்குலம், உயரம் 14, இரண்டு குட்டிக் கை. மொத்தம் 17,000 கண்ணி. மெஷினுக்கு இது ஐந்தில் ஒரு செகண்ட் வேலை. அம்மாவுக்கு 850 நிமிஷம். பிரித்துப் பின்னும் சேதாரம் கால் பங்கு சேர்த்தால் தினம் ஒரு மணி நேரம். முடியும், விரல் ஒத்துழைத்தால்.

சரி, நூல்? இங்கேதான் வேடிக்கை. ஊரே நூலால் ஆனது. மில்காரர்கள் விலையை ஏற்றினால் ஊருக்கே ஜுரம் வரும். 2022 மே 16, 17 தேதிகளில் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் தொழிலையே நிறுத்திவைத்த ஊர் இது. ஆனால் அந்த நூலில் கையால் பின்ன முடியாது. அவ்வளவு மெல்லிசு!

பனியன் நூலில் 30-ம் நம்பர் என்பார்கள். 840 கெஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை ஏறுகிறதோ, அதுதான் நம்பர். முப்பது சிட்டம் ஏறினால் முப்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும். (கல்யாணத்துக்கு முந்திய டயட் மாதிரி.) 30-ம் நம்பரில் ஒரு கிலோ நூலைப் பிரித்தால் ஐம்பது கிலோமீட்டர் ஓடும். எட்டாம் நம்பர், அதாவது நாலு மில்லிமீட்டர் ஊசியில் அம்மா பின்ன வேண்டுமென்றால் இருபது இழையை ஒன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்.

நிட்டிங் வைத்திருக்கும் ஒரு சிநேகிதனிடம் போனேன்.

"எவ்வளவு வேணும் மாப்ளே?"

"நானூறு கிராம்." அம்மாவுக்கு இருநூறு, என் மஃப்ளருக்கு இருநூறு.

நூலை மூட்டைக் கணக்கில் பார்த்தே பழகியவன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ நகைக்கடைக்குப் போகணும்டா" என்றான். ஆனாலும் ஆர்டர் முடிந்து ஒதுக்கிவைத்திருந்த மிச்சக் கோன்களில் இருபது பொறுக்கிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒவ்வொரு கோனாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது ரெண்டும் வேற லாட்டு."

எனக்கு இருபதும் ஒரே தந்த நிறமாகத்தான் தெரிந்தது. "இருபது இழையோட கலந்துட்டா தெரியாதுங்க அத்தை" என்றாள் என் மனைவி. "எனக்குத் தெரியும் அம்மிணி" என்றார் அம்மா. மறுநாள் போய் இரண்டு கோன் மாற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது முறுக்கு. சும்மா இருபது இழையைச் சேர்த்துப் பின்னினால் ஊசி நடுவில் புகுந்து இழையைப் பிரித்துவிடும். மில்லில் இதற்கென்றே மெஷின் உண்டு, ஆனால் நானூறு கிராமுக்கு எவன் ஓட்டுவான்? மொட்டை மாடிதான் மில். கைப்பிடிச் சுவரோரம் இருபது கோனை வரிசையாக நிற்க வைத்து, இருபது முனையையும் அம்மாவின் பழைய வளையல் ஒன்றுக்குள் விட்டுச் சேர்த்து, பதினைந்து மீட்டர் தூரம் இழுத்துக்கொண்டு போய், ட்ரில்லிங் மெஷினில் கொக்கி மாட்டி முறுக்குவது. தனி இழையில் முறுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். அப்போதுதான் நூல் சுருண்டுகொள்ளாமல் சாதுவாக இருக்கும். ட்ரில்லில் ரிவர்ஸ் பட்டன் எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நானூறு கிராம், இருபது இழை என்றால் முறுக்கிய நூல் ஆயிரம் மீட்டருக்கு மேல் வருகிறது. பதினைந்து பதினைந்து மீட்டராக அறுபத்தெட்டு தடவை. நாலு சாயங்காலம், சாயங்காலத்துக்குப் பதினேழு நடை. தனி இழையாகப் பிரித்துப் போட்டால் இருபது கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து அவிநாசி போய், திரும்புகிற வழியில் பாதிக்குப் பக்கம் வந்துவிடலாம்.

பக்கத்து மாடியிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கயிறு திரிக்கிறீங்களா?"

"தொழிலே அதுதானுங்களே" என்றேன். பத்திரிகைக்காரன் வேறென்ன சொல்வது?

முறுக்கிய நூலைச் சிட்டமாகச் சுற்றியாயிற்று. பனியன் நூலுக்கு மெழுகு தடவியிருப்பார்கள், மெஷின் ஊசியில் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக. அது போக, சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்து, அலசி, அடியில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தோம். முறுக்கு அப்படியே படிந்தது.

அப்போதுதான் பாப்பா வந்து, "எனக்கு பிங்க்" என்றாள்.

வீட்டில் சாயம் காய்ச்சலாமா என்று பேச்சு வந்தது. அம்மா ஒரே வார்த்தையில் மறுத்தார். "நொய்யலுக்கு நாம பண்ணினது போதும்." 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அம்மா வேலையில் இருந்தவர். துணி வராமல் செக்கிங் டேபிள் காலியாகக் கிடந்ததையும் பார்த்தவர், அதற்கு முன் ஆறு ஓடிய நிறத்தையும் பார்த்தவர். ஒரு பக்கம் மட்டும் பேச அவரால் முடியாது. கடைசியில் சிநேகிதனிடமே ஏற்கெனவே சாயமேறிய பிங்க் நூல், கோனில் மிச்சமிருந்தது கொஞ்சம் கிடைத்தது. ஈரத் துணியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகே அம்மா சம்மதித்தார். பனியனின் கீழ் விளிம்பில் இரண்டு வரி பிங்க். பாப்பா கையெழுத்திடாத குறையாக ஒப்பந்தம் முடிந்தது.

பிறகு மாதிரி. எந்தப் பின்னலுக்கும் முதலில் ஒரு கையகலச் சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். காட்டன் முதல் துவையலிலேயே சுருங்கும், அதையும் சேர்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். டீச்சர் இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது அம்மாவும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பையருக்கு அனுப்பும் சாம்பிளும் ஷ்ரிங்கேஜ் டெஸ்ட்டும் தெரியாத வீடா இது?

அம்மா முதல் சதுரத்தைப் பின்னி முடித்தார். மறுநாள் காலை அது சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. அதன்மேல் மூன்று அம்புக்குறி ஸ்டிக்கர்!

"இதெல்லாம் எங்கே இருந்தது?"

"டிரங்குப் பெட்டியில ஒரு ரோல் இருந்துச்சு." இரண்டாவது சதுரத்தில் இரண்டு அம்பு. மூன்றாவதில் ஒன்று. அது எதற்கென்று எத்தனை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நாலாவது சதுரம் பாஸ். அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி, கச்சிதம். ஆனால் நாலு சதுரத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதில் இரண்டு நாள் விரல் வீங்கி, ஊசியையே தொடவில்லை.

அன்றைக்கு ராத்திரி என் மனைவி ஃபிரிட்ஜ் சார்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, நீங்க உடம்பை மட்டும் பின்னுங்க. கை ரெண்டையும் நான் போட்டுடறேன். கழுத்துப் பட்டிக்கு டீச்சர் இருக்காங்க. பதினேழு நாள்ல ஈசியா முடிஞ்சுடும்."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. நூல் உருண்டையை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அதுதானே அம்மிணி இருபத்திரண்டு வருஷமா நடந்துச்சு" என்றார். "கை ஒருத்தி, கழுத்து ஒருத்தி, காஜா ஒருத்தி. நான் கடைசியில நின்னு குறை சொல்றது. அத்தனை லட்சம் பனியன் என் கை வழியா போச்சு. இதை நான் பண்ணினேன்னு சொல்ல ஒண்ணு இல்லை. முடியாட்டி முடியாமப் போகட்டும். ஆனா முழுசும் நானே போடறேன்."

நான் போட்ட 33 லட்சம் கணக்கில் இந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய், சார்ட்டில் 'உதவி' என்று போட்டிருந்த கட்டத்தைப் பேனாவால் அடித்தாள். அதோடு விடவில்லை. மெர்ச்சண்டைசர் மூளை. விரல் வீங்கினால் இரண்டு நாள், விசேஷம் வந்தால் ஒரு நாள் என்று மூன்று நாளைத் தள்ளுபடி செய்துவிட்டு, பாக்கி பதினாலு நாளுக்குத் தினம் எத்தனை வரிசை என்று பிரித்து எழுதினாள். தினமும் ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. காலையில் வெந்நீர் வைத்த பிறகு அரை மணி, மதியம் அரை மணி, சாயங்காலம் கால் மணி. ஒரே மூச்சில் உட்காரக்கூடாது. இந்தச் சார்ட்டை அம்மா மறுக்கவில்லை. "இது பரவால்லை" என்றார். கம்பெனியில் பெரிய பாராட்டே அதுதானாம்.

உங்களில் பல பேர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். ஃபைல் ஒருத்தர் திறக்கிறார், ஒருத்தர் குறிப்பு எழுதுகிறார், ஒருத்தர் சரிபார்க்கிறார், கையெழுத்து யாரோ போடுகிறார். வருஷக்கணக்கில் உழைத்த பிறகு, 'முதலிலிருந்து கடைசி வரைக்கும் இது என்னுடையது' என்று தொட்டுக் காட்ட எது இருக்கிறது? அம்மா சொன்னதிலிருந்து நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மஃப்ளராவது இருக்கட்டும் என்று தோன்றுகிறது. திருப்பூரில் மஃப்ளரை எப்போது கட்டுவது என்று கேட்காதீர்கள். மார்கழி விடியலில் பால் வாங்கப் போகும்போது கட்டிக்கொள்வேன்.

இப்போது எல்லாம் தயார். ஏழு வீட்டிலும் ஏழு பை. அம்மாவின் பழைய டிபன் பையில் நாலு நூல் உருண்டை, கைக்கு அடக்கமான ஒரு பிங்க் உருண்டை, எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, அளவு டேப், மூட்டு வலித் தைலம். கூடவே அந்த அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல்.

பதினேழாம் நாள் பனியன் முடியுமா என்று தெரு முழுக்கக் கேட்கிறார்கள். முடிந்தாலும் அதோடு தீர்ந்துவிடாதே சார். செக்கிங்கில் உட்காரப் போவதும் அம்மாவேதான். பாஸ் வாங்குவது அவ்வளவு சுலபமில்லை.